கடுகும் மலையும்: அணுவைப் பற்றிய ஒரு பழைய விவாதம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலைகளின் அடிவாரத்தில் பொட்டிப்புரம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரை அடுத்த அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்ட நாள்முதல், கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நம் குடும்பங்களில் அணு, துகள் என்னும் சொற்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டன. நம் மத்ரஸாவில் ஒருநாள் அகீதா பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "உஸ்தாத், மேலும் பிரிக்கவே முடியாத ஒரு துகள் உண்டு என்று நம் கிதாபில் இருக்கிறது. ஆனால் அணுவைப் பிளந்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பொட்டிப்புரத்தில் அதைவிடச் சிறிய துகளைத் தேடப் போகிறார்களாம். அப்படியானால் நம் கிதாப் தவறா?"

அம்மாணவரை அதட்டி உட்கார வைத்திருக்கலாம். அல்லது, "எல்லாம் குர்ஆனில் முன்பே இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். இரண்டுமே நேர்மையான விடைகள் அல்ல. அவருடைய கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், அணு என்னும் கருத்து எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது, நம் இமாம்களின் கைக்கு வந்தபோது அவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதை அறிய வேண்டும்.

கிரேக்கத்தில் எழுந்த கேள்வி

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழி பேசிய சிந்தனையாளர்களை ஒரு வாதம் திகைக்க வைத்தது. எலியா நகரைச் சேர்ந்த பார்மெனிடீஸ் என்பவர், உள்ளது எதுவும் இல்லாததிலிருந்து தோன்ற இயலாது. உள்ளது இல்லாததாக மாறவும் இயலாது. ஆகவே மாற்றம், பிறப்பு, அழிவு யாவும் வெறும் தோற்றமே என்றார். அவருடைய மாணவர் ஸீனோ இதற்குத் துணையாகப் பல புதிர்களை அமைத்தார். உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்கு நடக்கும் ஒருவர் முதலில் பாதி வழியைக் கடக்க வேண்டும். அடுத்து எஞ்சியதில் பாதியை. பின்னர் அதிலும் எஞ்சியதில் பாதியை. இவ்வாறு பாதிகள் முடிவின்றி நீளுமானால் அவர் கம்பத்தை அடைவது எங்ஙனம்? ஸீனோவின் புதிர்களுள் ஒன்றின் சாரம் இதுவே.

நாள்தோறும் மனிதர்கள் ஊர் சென்று சேர்கிறார்கள் என்பதைக் கண் காண்கிறது. இயலாது என்று வாதம் சொல்கிறது. இந்த முட்டுக்கட்டையை நீக்க முயன்றவர்களே லியூசிப்பஸும், கி.மு. 460 அளவில் அப்தேரா நகரில் பிறந்த அவருடைய மாணவர் டெமாக்ரிட்டஸும். பொருள்களை வெட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வெட்டு நின்றுவிடும் என்றனர் அவர்கள். வெட்ட இயலாதது என்னும் பொருளில் அதற்கு 'அட்டோமொஸ்' என்று பெயரிட்டனர். அத்துகள்கள் தோன்றுவதில்லை, அழிவதில்லை. வெற்றிடத்தில் அலைந்து ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் உலகை உருவாக்குகின்றன. சேர்க்கையை மனிதர் பிறப்பு என்கின்றனர். பிரிவை இறப்பு என்கின்றனர்.

இவர்களுடைய நூல்கள் காலத்தால் அழிந்துவிட்டன. அரிஸ்டாட்டில் முதலான பிற்காலத்தவர் எழுதிவைத்த செய்திகளிலிருந்தே இக்கொள்கையை அறிகிறோம். டெமாக்ரிட்டஸின் வாதம் ஒன்றை அரிஸ்டாட்டில் விளக்குகிறார்: ஒரு பொருளை எல்லா இடத்திலும் முற்றாகப் பிரித்துவிட்டதாகக் கொள்வோம். எஞ்சுவது என்ன? அளவுள்ள ஏதேனும் எஞ்சினால் பிரித்தல் முடியவில்லை. அளவற்ற புள்ளிகளே எஞ்சினால், அளவற்றவற்றை எத்தனை கூட்டினாலும் அளவுள்ள பொருள் உருவாகாது. ஆகவே பிரித்தலுக்கு ஓர் எல்லை இருந்தே தீர வேண்டும்.

ஒரே வகைத் துகள்களிலிருந்து இத்தனை வேறுபட்ட பொருள்கள் எவ்வாறு தோன்றும் என்ற கேள்விக்கு, எழுத்துக்களை உவமையாக்கி விளக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இதை அரபு எழுத்துக்களைக் கொண்டே விளக்கலாம். ஐன், லாம், மீம் என்று எழுதினால் 'இல்ம்', அதாவது கல்வி. அதே மூன்று எழுத்துக்களை ஐன், மீம், லாம் என்று வரிசை மாற்றினால் 'அமல்', அதாவது செயல். எழுத்துக்கள் மாறவில்லை, அடுக்கு மாறியதும் பொருள் மாறிவிட்டது.

அக்கருத்து எந்தப் பக்கம் சென்றது?

இதுவரை இதில் மார்க்கத்துக்கு முரணானது எதுவும் இருப்பதாகத் தோன்றாது. ஆனால் கிரேக்க அணுக்கொள்கை தனியாக வரவில்லை. அணுக்கள் என்றென்றும் இருப்பவை. அவற்றைப் படைத்தவர் எவருமில்லை. அவற்றின் அசைவுக்கு நோக்கமும் இல்லை என்னும் முடிவுகளும் அதனுடன் வந்தன. டெமாக்ரிட்டஸுக்குப் பின், ஏதென்ஸ் நகரில் கற்பித்த எபிகூரஸ் (கி.மு. 341–270) இதனை முழுமையான வாழ்க்கைத் தத்துவமாக்கினார். ஆன்மாவும் நுண்ணிய அணுக்களின் கூட்டமே. உடல் மடியும்போது அதுவும் சிதறிவிடும். எனவே மரணத்துக்குப் பின் விசாரணை இல்லை, அஞ்சுவதற்கும் எதுவுமில்லை என்பது அவருடைய போதனை. தெய்வங்கள் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டாலும், மனித வாழ்வில் அவை தலையிடுவதில்லை என்றார்.

மறுமையை நம்பும் சமுதாயத்துக்கு இதைவிட எதிரான கொள்கை வேறு எது? இவ்வுலக வாழ்வன்றி வேறில்லை, காலமே நம்மை அழிக்கிறது என்று சொல்வோரை நம் அறிஞர்கள் 'தஹ்ரிய்யா' என்று அழைத்தார்கள். எபிகூரஸின் போதனை அவர்களுடைய கூற்றுக்கு வெகு அருகில் நிற்கிறது.

நம் மண்ணில் அணு

அணுவைப் பற்றிய சிந்தனை கிரேக்கத்தின் தனிச்சொத்து அன்று. இந்திய மண்ணில் கணாதர் பெயரால் வழங்கும் வைசேடிகம் பரமாணுக் கொள்கையைப் பேசியது. இரண்டு பரமாணுக்கள் சேர்ந்து ஓர் இணை. மூன்று இணைகள் சேர்ந்தால், சாளரத்தின் வழியே விழும் வெயிலில் மிதக்கும் தூசியளவில் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர்களின் கணக்கு. சமணரும் தம் வழியில் அணுவைப் பேசினர்.

தமிழில் மணிமேகலைக் காப்பியத்தின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், ஆசீவகரின் அணுக்கொள்கை விளக்கப்படுகிறது. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்களோடு உயிரையும் ஓர் அணுவாக அவர்கள் எண்ணினர். தனியணுவைச் சாதாரணக் கண் காணாது என்பதற்கு அங்கே ஓர் உவமை வருகிறது: அந்திப் பொழுதில் ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரியாது, மயிர்க்கற்றை தெரியும். நம் முன்னோர் பேசிய மொழியிலேயே இத்தகைய நுண்ணிய விவாதம் நடந்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

பஸராவிலும் பக்தாதிலும்

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் மூன்றாம் நூற்றாண்டிலும் ஈராக்கின் நகரங்களில் இல்முல் கலாம் வளர்ந்தபோது, பிரிக்க இயலாத பகுதி என்னும் கருத்து முஸ்லிம் அறிஞர்களின் விவாதத்துக்குள் நுழைந்தது. அது கிரேக்கத்திலிருந்து வந்ததா, இந்தியாவிலிருந்து வந்ததா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். வந்த வழி எதுவாயினும், வந்த பின் அது முன்போல் இருக்கவில்லை.

பஸராவின் முஅதஸிலா அறிஞர் அபுல் ஹுதைல் அல்லாஃப் இக்கருத்தை ஏற்று வாதிட்டவர்களுள் முதன்மையானவர். அவருடைய சகோதரி மகனான இப்ராஹீம் அந்நள்ளாம் அதை மறுத்தார். எப்பொருளையும் எண்ணத்தில் மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போகலாம் என்றார். அப்படியானால் முடிவற்ற பகுதிகளை ஒருவர் நடந்து கடப்பது எவ்வாறு என்று கேட்கப்பட்டபோது, இடையிலுள்ளவற்றைத் தொடாமலே பொருள் தாவிச் செல்கிறது என்று விடை சொன்னார். ஸீனோவின் பழைய புதிர் அரபு மொழியில் மீண்டும் உயிர்பெற்றது.

இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 324) அவர்களின் வழிவந்த அஹ்லுஸ் ஸுன்னா அறிஞர்கள் பலர், குறிப்பாக காழீ அபூபக்ர் அல்பாகில்லானீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 403), இக்கருத்தைத் தம் கலாம் கல்வியின் அடித்தளங்களுள் ஒன்றாக வைத்தனர். அதை அவர்கள் அழைத்த பெயர் 'அல்ஜவ்ஹருல் ஃபர்த்', தனித்த பொருள் என்பதாகும். ஆனால் கிரேக்கரின் அணுவுக்கும் இவர்களின் அணுவுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு.

கிரேக்கரின் அணு என்றென்றும் உள்ளது. இவர்களின் அணு படைக்கப்பட்டது. கிரேக்கரின் அணு தன்னியல்பால் நிலைக்கிறது. இவர்களின் அணுவுக்குத் தன்னியல்பால் நிலைக்கும் ஆற்றல் இல்லை. நிறம், அசைவு, ஓய்வு, உயிர் முதலான தன்மைகளை 'அரள்' என்றனர். அத்தன்மை எதுவும் இரண்டு கணங்கள் தொடர்ந்து நிலைப்பதில்லை. ஒவ்வொரு கணமும் அல்லாஹ்வே அதைப் புதிதாகப் படைக்கிறான் என்றார்கள் அஷ்அரீ இமாம்கள். அசைவு, ஓய்வு போன்ற மாறும் தன்மைகள் இன்றி எந்தப் பொருளும் இல்லை. மாறுபவை யாவும் புதிதாகத் தோன்றியவை. புதிதாகத் தோன்றியவற்றை விட்டு நீங்காத பொருளும் புதிதாகத் தோன்றியதே. ஆகவே உலகம் படைக்கப்பட்டது, அதற்குப் படைத்தவன் உண்டு. எபிகூரஸ் எந்த அணுவைக் கொண்டு மறுமையின் அச்சத்தைப் போக்க முயன்றாரோ, ஏறக்குறைய அதே கருத்தைக் கொண்டு நம் இமாம்கள் படைத்தவனுக்குச் சான்று கூறினர். சிதறிய பகுதிகளை மீண்டும் ஒன்றுசேர்ப்பது, முதலில் சேர்த்தவனுக்குக் கடினமன்று என்று மறுமைக்கும் அதிலிருந்தே விளக்கம் தந்தனர்.

இந்தப் பின்னணியில்தான் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 505) அவர்கள் தம் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' நூலில் பஞ்சையும் நெருப்பையும் எடுத்துக்காட்டினார்கள். நெருப்பு தொடும்போது பஞ்சு எரிவதைக் காண்கிறோம். நெருப்பால்தான் எரிகிறது என்பதைக் காணவில்லை. எரிதலைப் படைப்பவன் அல்லாஹ். நபி இப்ராஹீம் (அலை) அவர்களை நெருப்பு சுடாததன் விளக்கமும் இதில் அடங்கியுள்ளது.

கடுகும் மலையும்

இனி நம் மாணவர் குறிப்பிட்ட கிதாபுக்கு வருவோம். இமாம் நஜ்முத்தீன் உமர் அந்நஸஃபீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 537) அவர்களின் அகீதா நூலுக்கு, இமாம் ஸஃதுத்தீன் அத்தஃப்தாஸானீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 792) எழுதிய விரிவுரையே 'ஷரஹுல் அகாயித்'. நம் நாட்டின் மத்ரஸாக்களில் தலைமுறைகளாக ஓதப்படும் நூல் இது. பிரிக்க இயலாத பகுதிக்கு முன்னோர் கூறிய சான்றுகளை அந்நூல் வரிசைப்படுத்துகிறது.

அவற்றுள் ஒன்று, முழுமையான உருண்டை ஒன்றை முழுமையான சமதளத்தின் மேல் வைத்தால், பிரிக்க இயலாத ஒரே பகுதியில்தான் அது தளத்தைத் தொடும் என்பது. மற்றொன்று கடுகையும் மலையையும் பற்றியது. எல்லாப் பொருள்களும் முடிவின்றிப் பிரியக்கூடியவை எனில், கடுகிலும் முடிவற்ற பகுதிகள், மலையிலும் முடிவற்ற பகுதிகள். அப்படியாயின் கடுகு மலையைவிடச் சிறியது என்று எவ்வாறு சொல்வது? போடியிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடரையும் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் உள்ள கடுகையும் நினைத்துக்கொண்டால், இந்த வாதத்தின் அழகு குழந்தைக்கும் புரியும்.

ஆனால் அடுத்து வருவதையே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இச்சான்றுகளைச் சொல்லி முடித்த தஃப்தாஸானீ (ரஹ்) அவர்கள், இவை யாவும் பலவீனமானவை என்று அங்கேயே எழுதுகிறார்கள். உருண்டை வாதம் ஒரு புள்ளி உண்டு என்பதைக் காட்டுமேயன்றி, தனித்த துகள் உண்டு என்று நிறுவாது. கடுகு வாதத்துக்கும், முடிவற்ற பகுதிகள் உள்ளே முன்பே அடுக்கப்பட்டிருப்பதாக எதிர்த்தரப்பினர் சொல்லவில்லை. மேலும் மேலும் பிரிக்க இடமுண்டு என்றே சொல்கின்றனர் என்று விடை உண்டு. மறுப்போரின் சான்றுகளும் பலவீனம் நீங்கியவை அல்ல என்றும் அவர்கள் குறிப்பிடுகிறார்கள். இதனாலேயே இமாம் ஃபக்ருத்தீன் அர்ராஸீ (ரஹ்) அவர்கள் இவ்விஷயத்தில் எம்முடிவும் சொல்லாமல் நிற்பதன் பக்கம் சாய்ந்தார்கள் என்ற செய்தியையும் பதிவு செய்கிறார்கள்.

மறுத்தோரின் பட்டியலும் சிறியதன்று. இப்னு ஸீனா எழுப்பிய கேள்வி புகழ்பெற்றது: மூன்று அணுக்களை அடுத்தடுத்து வைத்தால், நடுவில் உள்ளது இருபுறமும் உள்ளவற்றை வெவ்வேறு பக்கங்களால் தொடுகிறதா, இல்லையா? தொடுகிறது எனில் அதற்கு இரு பக்கங்கள் உண்டு. பக்கங்கள் உள்ளதைப் பிரிக்கலாம். அந்தலுஸின் இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்களும் பிற்காலத்தில் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களும் இக்கருத்தை ஏற்கவில்லை. மறுபுறம், அப்துல் காஹிர் அல்பக்தாதீ (ரஹ்) போன்றோர் நள்ளாமின் மறுப்பை மிகக் கடுமையாகச் சாடினர். விவாதம் சில வேளைகளில் சூடேறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அச்சூட்டுக்குப் பின்னரும், நம் பாடநூலாகவே ஆகிவிட்ட ஒரு கிதாபில், தம் தரப்பின் சான்று பலவீனமானது என்று எழுதும் நேர்மை நம் இமாம்களிடம் இருந்தது.

மீண்டும் பொட்டிப்புரத்துக்கு

அணுக்கொள்கை ஐரோப்பாவில் மீண்டும் தலைதூக்கி, 1808ஆம் ஆண்டு ஜான் டால்டன் வெளியிட்ட நூலின் வழியே வேதியியலின் அடித்தளமாயிற்று. ஆனால் 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். 1911இல் ரூதர்ஃபோர்டு அணுவுக்குள் கரு உண்டு என்பதை முன்வைத்தார். வெட்ட இயலாதது என்று பெயர் பெற்றது வெட்டப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நியூட்ரினோவின் கதை இன்னும் வியப்பானது. 1930இல் வுல்ஃப்காங் பவுலி, கதிரியக்கத்தில் காணாமற்போன ஆற்றலுக்குக் கணக்குச் சொல்ல, எவர் கண்ணிலும் படாத ஒரு துகள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1956இல்தான் அது உறுதிப்பட்டது. கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் கடந்து செல்கின்றன. நம் உடலிலும் ஊடுருவுகின்றன, நாம் உணர்வதில்லை. வானிலிருந்து பொழியும் மற்றத் துகள்களை வடிகட்ட மலையின் பாறை வேண்டும் என்பதால்தான் நிலத்தின் ஆழத்தில் ஆய்வுக்கூடம் தேடுகின்றனர். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை 1965இல் முதன்முதலாகப் பதிவு செய்த குழுக்களுள் ஒன்று கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பணியாற்றியது.

அந்த மரபின் தொடர்ச்சியாக, எல்லாப் பக்கங்களிலும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாறை சூழ, 50,000 டன் காந்தமூட்டிய இரும்புக் கருவியை அமைக்கும் பொட்டிப்புரம் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலை, நீர், காடு, விவசாயம் ஆகியவற்றுக்கு நேரும் கேட்டை அஞ்சி மக்கள் எதிர்த்தனர், வழக்குகள் நடந்தன, 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. துகளை அறிய விழைவோரின் ஆர்வமும், மண்ணை நம்பி வாழ்வோரின் அச்சமும் ஆகிய இரண்டையும் நீதியோடு கேட்பதே முஸ்லிமுக்கு அழகு.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

குர்ஆனில் வரும் 'தர்ரா' என்னும் சொல்லை இன்று பலர் அணு என்று பெயர்த்து, அறிவியல் பின்னால் கண்டதை வேதம் முன்பே சொன்னது என்று மேடையில் முழங்குகின்றனர். ஆர்வம் நல்லதே. ஆயினும் அரபு மொழியில் அச்சொல்லுக்குச் சிற்றெறும்பு என்றும், வெயிற்கதிரில் மிதக்கும் தூசி என்றும் விரிவுரையாளர்கள் பொருள் கூறினர். இயற்பியலின் அணுவுக்கு அச்சொல்லை வழங்கியது பிற்கால வழக்கு. ஸில்ஸால் அத்தியாயத்தின் இறுதி வசனங்கள் நமக்குத் துகளியல் கற்பிக்க இறங்கவில்லை. ஒரு தூசியளவு நன்மையும் ஒரு தூசியளவு தீமையும் காணாமற்போவதில்லை என்று எச்சரிக்கவே இறங்கின. யூனுஸ் அத்தியாயத்தின் 61ஆம் வசனமும் ஸபஉ அத்தியாயத்தின் 3ஆம் வசனமும், அதனினும் சிறியதும் அல்லாஹ்வின் அறிவுக்குத் தப்பாது என்கின்றன. அவ்வசனங்களின் மையம் துகளின் அளவன்று; அல்லாஹ்வின் அறிவு.

டால்டனின் அணுவோடு குர்ஆனைக் கட்டியவர், தாம்சன் வந்தபோது என்ன செய்வார்? இன்றைய கொள்கையோடு கட்டுபவர், நாளை வரும் கொள்கைக்கு என்ன சொல்வார்? கட்டியது நம் கை; அவிழும்போது சரிவது பிள்ளையின் ஈமான்.

ஆகவே நம் மாணவருக்கு நாம் சொன்ன விடை இதுவே: "கிதாபில் இரண்டு வகைச் செய்திகள் உண்டு. அல்லாஹ் ஒருவன், உலகம் அவனுடைய படைப்பு, மறுமை உண்மை. இவை வஹீயின் மூலம் நமக்கு உறுதியானவை. பிரிக்க இயலாத துகள் என்பது அவ்வுறுதியை விளக்க, தம் காலத்தின் அறிவைக் கொண்டு அறிஞர்கள் கட்டிய சாரம். சுவர் எழுந்தபின் சாரத்தை அவிழ்த்தால் சுவர் விழாது. இதை நாம் புதிதாகச் சொல்லவில்லை; சான்று பலவீனமானது என்று அந்தக் கிதாபே சொல்கிறது. நீ அடுத்த பக்கத்தையும் வாசி."

பெற்றோர்களே, அத்தகைய கேள்வி உங்கள் வீட்டிலும் எழும். கேள்வி கேட்கும் பிள்ளை ஈமானை இழந்துவிட்டதாக எண்ணி அஞ்ச வேண்டாம். அது அபுல் ஹுதைலும் நள்ளாமும் கேட்டது. ராஸீ (ரஹ்) அவர்கள் விடை சொல்லாமல் நின்ற கேள்வி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உறுதியானதை உறுதியாகச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தை நாம் அறிவோம். ஒரு செயல் கடுகின் எடையளவே இருந்து, அது பாறைக்குள் மறைந்திருந்தாலும், வானங்களிலோ பூமியிலோ இருந்தாலும், அல்லாஹ் அதை வெளிக்கொணர்வான் என்பது அதன் கருத்து. மலையைக் குடைந்து துகளைத் தேடுவோர் தேடட்டும். தூசியளவான நம் செயல்களைத் தேடி எடுப்பவனுக்கு எந்த மலையும் திரையன்று.

அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியையும், அக்கல்விக்கேற்ற அமலையும் தந்தருள்வானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.